காப்பிக்கு எதுக்குடா 15 பார்?

ஏம்ப்பா பையா, முப்பதாயிரம் ரூவா சேத்து வச்சிருக்கியாமே? கல்யாணத்துக்கான்னு கேட்டா, "இல்ல தாத்தா, எஸ்பிரெஸ்ஸோ மிசினுக்கு"ங்கிற. நல்லா இரு. மூக்கண்டப்பள்ளியிலே நீ இருக்கிற ரூமிலே கட்டிலைப் போட்டா கதவு பாதிதான் தொறக்குது. மிசினை எங்கடா வைப்பே, தலமாட்டிலயா?

சரி, ஆசைப்பட்டுட்டே. ஆனா அட்டைப்பெட்டி மேல கொட்டை எழுத்துல 15 பாருன்னு போட்டிருக்கே, அதுக்கு வாயைப் பொளக்காதே. சிப்காட்டிலே கம்ப்ரஸர் பக்கத்திலேயே நிக்கிற புள்ள நீ, உனக்கு பிரஷரைப் பத்தி நான் சொல்லணுமா? தூளு மேல 9 பாரு விழுந்தாப் போதும். 15ங்கிறது பம்பு முக்கித் தள்ளினா எவ்வளவு வருங்கிற கணக்கு. அதையும் காசு குடுத்து வாங்குவியா?

இன்னொரு சூட்சுமம் கேளு. வெலை கம்மி மிசினுல சல்லடை ரெண்டு அடுக்கா இருக்கும், அடியிலே ஒத்தை ஊசி ஓட்டை. போன தீவாளிக்கு வாங்கின தூளைப் போட்டாலும் மேல நொரை பொன்னாட்டம் நிக்கும். நீயும் உடனே போட்டோ புடிப்பே. அது காப்பி செஞ்ச வேலை இல்ல கண்ணு, ஓட்டை செஞ்ச வேலை. ஒத்தை அடுக்கு சல்லடையும் கெடைக்குதான்னு கேட்டு வாங்கு.

அப்போ காசு எங்க போகணும்? கிரைண்டருக்கு! ராகியை மிக்ஸியிலே அடிச்சு உங்க ஆயா களி கிண்டுவாளா? பாதி மாவு, பாதி குருணைன்னு தூக்கி எறிவா. மில்லுக்குத்தானே அனுப்புறா? காப்பிக்கொட்டையும் அதே கதைதான். பிளேடு வச்ச கிரைண்டரு வெட்டும், அரைக்காது. தண்ணி சந்து கெடைச்ச பக்கமாப் பூந்து ஓடிரும். நைசுத்தூளு கசக்கும், குருணை புளிக்கும், ரெண்டும் ஒரே கிளாசுல. பல்லுச்சக்கரம் ரெண்டு வச்ச பர் கிரைண்டருதான் வேணும்.

மோட்டாரு வச்சது வெலை சாஸ்தியா? கையால சுத்துறதை வாங்கு. மோட்டாருக்குப் போற காசு பல்லுக்குப் போவும். கை வலிக்குமாம்! ஜிம்முக்கு மாசாமாசம் பணங் கட்டுறவன் பேசுற பேச்சா இது? ஆனா எஸ்பிரெஸ்ஸோ பதத்துக்கு அரைக்குமான்னு விசாரி. எல்லாம் அந்த நைசுக்கு வராது. 18 கிராம் தூளு போடு, 36 கிராம் காப்பி எறங்கணும், 25லேருந்து 30 செகண்டுக்குள்ள. 15 செகண்டுல கொட்டிருச்சா, இன்னும் நைசாத் திருப்பு. சொட்டுச் சொட்டா அழுவுதா, கொறகொறப்பாக்கு. இந்த வித்தைய மிசினு செய்யாது, கிரைண்டருதான் செய்யும்.

கொட்டைக்கு என்னாத்துக்கு எத்தியோப்பியா வரைக்கும் போற? எல்லையைத் தாண்டினா சிக்மகளூரு, குடகு. பாபா புடான் ஏமன்லேருந்து ஏழு கொட்டையை ஒளிச்சு எடுத்தாந்து சிக்மகளூரு மலையிலே நட்டாருன்னு சொல்லுவாங்க. அவுரு மிசினு ஒண்ணும் எடுத்தாரல. வறுத்த தேதி போட்ட பொட்டலமாப் பாத்து வாங்கு, கால் கிலோவுக்கு மேல வேணாம்.

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன், தண்ணி. போர்த்தண்ணி காய்ச்சுற குண்டான் அடியிலே வெள்ளையாக் கட்டியிருக்குதே, பாத்திருக்கியா? அதேதான் மிசினு வயித்திலயும் கட்டும். குண்டானைப் புளி போட்டுத் தேய்க்கலாம். மிசினுக்குள்ள கைய விடுவியா?

எஸ்பிரெஸ்ஸோ எஸ்பிரெஸ்ஸோங்கிறியே, இத்தாலிக்காரன் வீட்டு அடுப்பாங்கரையிலே என்ன இருக்குன்னு தெரியுமா? முக்காவாசி வீட்டுல மோக்கா பாத்திரம். 1933ல பியாலெட்டி கொண்டாந்த அலுமினியச் சொம்பு, காஸ் அடுப்பு மேலயே வைக்கிறது. அதுல 9 பாரு வராது, ஒண்ணு ரெண்டு வந்தாப் பெரிசு. அதைக் குடிச்சுட்டுத்தான் அவன் வேலைக்குப் போறான்.

அதனால இப்ப நல்ல கிரைண்டரை வாங்கு, கூட ஒரு மோக்கா பாத்திரம். மிச்சக் காசை பாங்கியிலே போடு. ஆறு மாசம் போவட்டும். அப்பவும் கை சலிக்காம அரைச்சுக்கிட்டு இருந்தா, மிசினுக்கு நானே உங்கூட பெங்களூரு வாரேன். இல்ல, பாலும் மூணு ஸ்பூன் சக்கரையும் கலந்துதான் குடிப்பேன்னா, உங்க ஆயாவோட பித்தளை பில்டரு பரண்மேலதான் கெடக்குது. எறக்கிக்கோ.