பேய் இருக்கட்டும், நாற்காலி எங்கே?

பேய்ப் படத்தில் பேயைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் ஒரு ரகம். பேய்க்குப் பின்னாலிருக்கும் மேசை நாற்காலியைக் கணக்கெடுப்பவர்கள் இன்னொரு ரகம். என் மச்சான் இரண்டாவது ரகம். ஸ்டான்லி குப்ரிக்கின் ‘தி ஷைனிங்’ (1980) ஓடும்போது ரிமோட் அவர் கையில்தான் இருக்கும்.

பேய் ஓட்டலில் ஜாக் நிக்கல்சன் டைப் அடித்துக்கொண்டிருக்கிறார். மனைவி வருகிறாள். அவருக்குப் பின்னால் சுவரோரம் ஒரு நாற்காலி. காமிரா மனைவியைக் காட்டிவிட்டுத் திரும்பினால் நாற்காலியைக் காணோம். கொஞ்ச நேரத்தில் அது வந்தும்விடுகிறது. அதற்குள் அவர் மனைவியை ஏசுகிற ஏச்சு எதுவும் எங்கள் காதில் ஏறுவதில்லை.

“கன்டினியூட்டி மிஸ்டேக், மாப்ளே.”

“டேக் மேல டேக் வாங்குற மனுஷன் மச்சான் அவர். ஓட்டல்தான் நாற்காலியை நகர்த்துது.”

“அப்ப நம்மூர் படத்துல ஹீரோ சட்டை மாறினா மட்டும் ஏன் சிரிக்கிறீங்க?”

நியாயமான கேள்வி. உள்ளூர் இயக்குநர் செய்தால் கவனக்குறைவு, குப்ரிக் செய்தால் குறியீடு என்பதுதான் சட்டம். இந்தப் படத்துக்குள் ஒளிந்திருக்கும் ரகசியங்களை ஆளாளுக்குச் சொல்வதற்கென்றே 2012இல் ‘ரூம் 237’ என்று ஒரு ஆவணப்படம் வந்தது. ஜாக்கின் மகனுடைய ஸ்வெட்டரில் அப்போலோ 11 இருக்கிறதா? அப்படியானால் நிலாவில் இறங்கிய காட்சியைப் படமெடுத்துக் கொடுத்ததே குப்ரிக்தானாம். டைப்ரைட்டர் ஜெர்மன் கம்பெனியுடையதா? அப்படியானால் படம் யூதப் படுகொலையைப் பற்றியதாம். குப்ரிக்கின் உதவியாளர் லியோன் விட்டாலி இதையெல்லாம் உளறல் என்று தள்ளிவிட்டார். அந்த டைப்ரைட்டர் குப்ரிக்கினுடையதேதானாம். படத்தின் நடுவில் அதன் நிறம் மாறுவது தனிக் கதை.

கோடாலிக் காட்சிக்கு வந்தால் மச்சானுக்கு உற்சாகம் தாங்காது. ஜாக் கதவில் ஒரு பலகையைத்தான் பிளந்து தலையை நீட்டுகிறார். பிறகு பார்த்தால் இரண்டு பலகையும் போயிருக்கும். முன்பு அந்த ஓட்டலில் குடும்பத்தையே வெட்டிய காவலாளியின் பெயர், மேனேஜர் சொல்லும்போது சார்லஸ் கிரேடி. பேயாக வரும்போது டெல்பர்ட் கிரேடி. பேய்கள் கெசட்டில் பெயர் மாற்றிக்கொள்ளலாமா என்று எங்களுக்குள் அரைமணி நேரம் வாக்குவாதம்.

ஆனால் மச்சானின் பிரம்மாஸ்திரம் மளிகை அறை. மனைவி ஜாக்கை உள்ளே தள்ளி வெளியே தாழ்ப்பாள் போட்டுவிடுகிறாள். கிரேடி பேய் பேசிமுடித்ததும் தாழ்ப்பாள் தானாகத் திறக்கிறது. அதுவரை எல்லாம் ஜாக்கின் மனப்பிராந்தி என்று சாதித்துவந்த என் கட்சி அங்கே டெபாசிட் இழந்தது.

“பேயாலயே தாழ்ப்பாளைத் திறக்க முடியும்னா கோடாலியையும் அதுவே தூக்கியிருக்கலாமே? இந்தக் குடிகாரனை எதுக்கு நம்பணும்?” என்றார் மச்சான்.

அதுவரை மொபைலில் மூழ்கியிருந்த என் மனைவி தலையைத் தூக்காமலே சொன்னாள்: “அண்ணே, அந்த கிரேடி பார்ட்டில டிரே தூக்கிட்டு வந்த வெயிட்டர். கதவைத் திறந்து விடுறதோட அவர் டியூட்டி முடிஞ்சுது.”