நயாகராத் திணை: பூர்வாங்கக் குறிப்புகள்

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் வந்து இறங்கினால், அவரை நயாகராவுக்குக் கூட்டிப்போவதா வேண்டாமா என்ற கேள்வி எழுவதில்லை. எந்தச் சனிக்கிழமை, யாருடைய வானில் என்ற இரண்டு மட்டுமே விவாதத்துக்கு உரியவை. ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் வாழும் குடும்பங்கள் பல ஆண்டுகளாக இந்த ஒழுங்கை வழுவாமல் காத்து வருகின்றன. இத்தனை கட்டுக்கோப்பான ஒரு வழக்குக்குப் புலவர் எவரும் இலக்கணம் செய்ய முன்வராதது வியப்பு. அந்தக் குறையைத் தீர்க்கவே இச்சிறு முயற்சி.

நிலமும் பொழுதும் முதற்பொருள், தெய்வமும் உணவும் பறையும் யாழும் பிறவும் கருப்பொருள், மக்களின் ஒழுக்கம் உரிப்பொருள் என்று தொல்காப்பிய மரபு வகுத்துத் தந்திருக்கிறது. குறிஞ்சி முதலான ஐந்து, முன்னே கைக்கிளை, பின்னே பெருந்திணை என ஏழு திணைகள். எட்டாவதாக நயாகராத் திணையைச் சேர்க்கலாம் என்பது இக்கட்டுரையின் துணிபு. இது பெருந்திணையிலேயே அடங்கும், தனித் திணை வேண்டாம் என்பாரும் உளர். சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் போர்வை இழுக்கப்பட்டு எழுப்பப்படும் பதின்ம வயதினர் அக்கருத்தினர். அவர்கள் கருத்தை யாரும் கேட்பதில்லை.

முதற்பொருளில் பொழுதை முதலில் பார்க்கலாம். பெரும்பொழுது கோடை. பனிக்காலத்தில் வந்து சேர்பவருக்கு ஓரம் உறைந்த அருவியைக் காட்டலாம்தான். ஆனால் படகு ஓடாது, புல்லில் பாய் விரிக்க முடியாது, மூன்று சட்டைக்கு மேல் சேலை உடுத்த முடியாது. சிறுபொழுதைத் தீர்மானித்திருப்பது, நம்பினால் நம்புங்கள், ஒரு சர்வதேச உடன்படிக்கை. கனடாவும் அமெரிக்காவும் 1950 பெப்ரவரி 27 அன்று ஒப்பமிட்ட நயாகரா உடன்படிக்கைப்படி, ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 15 வரை, காலை 8 மணியிலிருந்து இரவு 10 மணிவரை, வினாடிக்குக் குறைந்தது 1,00,000 கன அடி நீர் அருவியில் விழவேண்டும். இலையுதிர் காலத்தில், ஒக்ரோபர் முடியும்வரை, மாலை 8 மணியோடு காட்சி நேரம் முடிகிறது. மற்றப் பொழுதுகளில் அதில் பாதி விட்டால் போதும். மிச்ச நீரை மேலேயே மறித்துச் சுரங்கங்கள் வழியாக மின் நிலையங்களுக்குக் கொண்டுபோகிறார்கள். ஆற்றின் குறுக்கே இதற்கென்றே 18 மடைகள் கொண்ட ஓர் அணை இருக்கிறது.

ஆகவே விருந்தினர் பகலில் பார்ப்பது இயற்கை தருவதில் கிட்டத்தட்ட அரைவாசி. அதுவும் 'ஆட்கள் பார்க்க வரும் நேரம்' என்று இரண்டு அரசுகள் கூடிப் பேசி ஒதுக்கிய அரைவாசி. வீட்டுக்கு ஆள் வரும்போது மட்டும் நல்ல கோப்பைகளை எடுத்து வைக்கும் வழக்கத்தை இதைவிடப் பெரிய அளவில் எந்த நாடும் சட்டமாக்கியதாகத் தெரியவில்லை.

நிலம், ரொறன்ரோவிலிருந்து ஏறத்தாழ 130 கிலோமீட்டர். வீதி வெறிச்சென்று கிடந்தால் ஒன்றரை மணி நேரம். கோடைச் சனிக்கிழமையில் அந்த வீதி வெறிச்சென்று கிடந்ததைக் கண்டவர் இலர். 'எட்டு மணிக்கு வெளிக்கிடுவம்' என்று வெள்ளிக்கிழமை இரவு ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறும். எட்டு மணிக்கு இடியப்பம் அவிந்துகொண்டிருக்கும். ஒன்பதுக்குப் பிள்ளைகள் ஏறிவிடுவார்கள்; ஒன்பதரைக்கு ஒருவர் இறங்கி, அடுப்பை நிறுத்தியாயிற்றா என்று பார்த்துவிட்டு வருவார். பத்தரைக்கு வான் நகரும். முன் இருக்கை வயதுக்கு உரியது, வயது சமனாயின் முழங்கால் நோவுக்கு உரியது.

போகும் நெடுஞ்சாலையின் பெயர் குயின் எலிசபெத் வே. 1954இல் இலங்கைக்கு வந்த இளம் இராணியை நினைவில் வைத்திருக்கும் மூத்த விருந்தினர், இது அவரின் பெயர்தான் என்று பின்னால் இருப்பவர்களுக்கு விளக்குவார். உண்மையில் 1939இல் திறந்த இந்தச் சாலை அவருடைய தாயாரின், ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் மனைவியின், பெயரைத் தாங்கியது. வான் ஓட்டும் மருமகனுக்கு இரண்டுமே தெரியாது. ஆனாலும் 'ஓம் மாமா' என்று தலையாட்டுவார். இத்திணையின் ஒழுக்கத்துக்கு அதுவே பொருத்தம்.

வழியில் ஹமில்டன். ரிம் ஹோட்டன்ஸ் கடை 1964இல் முதன்முதலில் திறந்தது இந்த ஊரில். கோப்பிக்காக வான் நிற்கும். கோப்பியைவிடக் கழிவறைக்காகவே நிற்கிறது என்பது வேறு. கடைக்குப் பெயர் தந்த ஹொக்கி வீரர் 1974இல் இதே நெடுஞ்சாலையில், செயின்ற் கத்தரின்ஸ் நகரில், கார் விபத்தில் இறந்தார். தெரிந்தவர்கள் அதைத் திரும்பி வரும்வரை சொல்வதில்லை.

இனிக் கருப்பொருள். தெய்வம்: முன் கண்ணாடியடியில் ரிச்மண்ட்ஹில் பிள்ளையார். புள்: பாயின் ஓரத்தில் நின்று கட்லட்டைக் குறிவைக்கும் கடற்பறவை. பறை: அருவியே. யாழ்: வானின் ஒலிபெருக்கி வழியே 1980களின் இளையராஜா, அவருக்குப் பின்வந்த இசை எல்லாம் கடைசி இருக்கையில், காதுக்குள் செருகிய கருவிக்குள் அடைக்கலம். உணவைப் பற்றிச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். அருவிக்கு எதிரே உணவகங்களுக்குப் பஞ்சமில்லை. இருந்தும் அங்கே போவது குடும்பத்தின் மானத்துக்கு இழுக்கு. விலைப்பட்டியலைப் பார்க்கும் விருந்தினர் டொலரை மனத்துக்குள் இலங்கை ரூபாயாகப் பெருக்கி, பசியில்லை என்று சொல்லிவிடுவார் என்ற அச்சமும் உண்டு. அதனால் இடியப்பம், சம்பல், சொதி, கோழிப் பொரியல், ரோல்ஸ், முட்டை, மிக்சர், பெரிய பிளாஸ்கில் பால் தேத்தண்ணி எல்லாம் கூலர் பெட்டியும் பையுமாக இறங்கும். சொதியை 130 கிலோமீட்டர் சிந்தாமல் கொண்டுபோவது தனிப் பொறியியல். பழைய ஐஸ்கிரீம் டப்பா, அதன் மேல் பொலித்தீன், அதன் மேல் ரப்பர் வளையம், எல்லாவற்றுக்கும் மேல் ஒரு சின்னம்மாவின் மடி.

இதற்கிடையில் வாகனத் தரிப்பிடத்தில் திணையின் உயிரான நிகழ்ச்சி நடந்துவிடும். யாழ்ப்பாணத்து விருந்தினரிடம் கனடா விசா மட்டுமே இருக்கும். எனவே 1941இல் கட்டிய ரெயின்போ பாலத்தைத் தாண்டி அவர் அமெரிக்கப் பக்கம் போக முடியாது. நியூ ஜெர்சியில் இருக்கும் தம்பி குடும்பம்தான் இங்கே வரவேண்டும். இரு நாட்டு எல்லை, இரு குடும்பங்களுக்கு நடுவழி, முதியவருக்குக் காட்ட ஓர் அதிசயம்: மூன்றும் ஒரே இடத்தில் வாய்த்திருப்பதால்தான் சந்திப்புக்கு நயாகரா தேர்வாகிறது. அருவி இதற்கு நிமித்தம் மட்டுமே. குளிர்பானக் கடையின் பின்புறம் ஒன்று இதே அட்சரேகையில் இருந்திருந்தால் அங்கேயும் சந்தித்திருப்பார்கள்.

நீரில்லாமல் நயாகரா ஏது எனின், 1969ஐப் பார்க்க. அவ்வாண்டு யூன் மாதம் அமெரிக்க இராணுவப் பொறியாளர்கள் அமெரிக்கப் பக்கத்து அருவியை அணைகட்டி நிறுத்தி, நவம்பர் வரை வறண்ட பாறையைச் சோதித்தார்கள். சொட்டு நீர் விழாத அருவியைப் பார்க்கவும் ஆட்கள் போனார்கள்.

சந்திப்பின் முதல் நிமிடத்துக்கு எல்லோருக்கும் ஒரே வசனம்தான். 'ஆளே அடையாளம் தெரியேல்லை!' இளமையில் பிரிந்த தம்பிக்குத் தலை வழுக்கை, அக்காவுக்கு நரை. 'நல்லா மெலிஞ்சு போனாய்' என்று அக்கா சொல்வார். தம்பி மெலியவில்லை என்பது கண்ணுள்ளவர்க்குப் புலப்படும், ஆயினும் வேறு சொல்ல மரபு இடந்தராது. பிறகு இருவரும் ஒன்றும் பேசாமல் கையைப் பிடித்தபடி நிற்பார்கள். இலங்கையில் 1983 யூலைக் கலவரத்துக்குப் பின் சிதறிய குடும்பங்கள் இவை. 1986 ஓகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரைக் கனடிய மீனவர்கள் மீட்டார்கள். அப்படியும் வேறு விதமாகவும் வந்து சேர்ந்தவர்களின் பிள்ளைகள்தான் இப்போது வானில் சலித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள். இந்த இடத்தில் ஆய்வாளன் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு அப்பால் பார்ப்பது நாகரிகம்.

மீண்டும் எடுக்கும்போது உரிப்பொருள் தொடங்கியிருக்கும். அதன் பெயர் விசாரித்தல். யார் இருக்கிறார், யார் இல்லை, யாருடைய காணிக்கு யார் வேலி போட்டார், தெற்கு வளவுக் கிணறு இறைக்கிறார்களா, 'ஒழுங்கை முடக்கில நிண்ட மாமரம் இன்னும் நிக்குதோ?' மரம் ஷெல்லடியில் போய்விட்டது என்ற விடைக்கு, அருவிக்குக் கிடைப்பதைவிட நீண்ட மௌனம் கிடைக்கும்.

அருவியையும் பார்க்கிறார்கள்தான். குதிரைலாட அருவி 57 மீட்டர் உயரம், விளிம்பு ஏறத்தாழ 670 மீட்டர். 'உதென்ன உயரம், எங்கட பம்பரகந்தை இதைவிட உயரமெல்லோ' என்று ஒரு பெரியப்பா தொடங்குவார். கணக்கு அவர் பக்கம். ஹப்புத்தளைக்குக் கிட்ட இருக்கும் பம்பரகந்தை நயாகராவைப்போல நான்கு மடங்குக்கும் மேல் உயரம். அகலத்தைப் பற்றியோ நீரின் அளவைப் பற்றியோ அவர் வாய் திறப்பதில்லை. அவர் பிறந்த குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறே கிடையாது. வழுக்கியாறு மாரியில் ஓடி வெயிலில் மறையும். மற்றதெல்லாம் சுண்ணக்கல்லுக்குள் ஊறிக் கிணற்றில் நிற்கும் நீர்; துலாவில் இறைத்து வெங்காயத்துக்குப் பாய்ச்சிய நீர். நயாகராவின் விளிம்பும் சுண்ணக்கல் இனத்தைச் சேர்ந்த டொலமைற் பாறை. அதன் அடியிலிருக்கும் மென்பாறையை நீர் அரிக்க அரிக்க மேற்பாறை உடைந்து விழும். அப்படி உடைந்துடைந்து 12,000 ஆண்டுகளில் அருவி சுமார் 11 கிலோமீட்டர் பின்வாங்கியிருக்கிறது. வாளிக் கணக்கில் நீரை அளந்து பழகிய ஒருவர் வினாடிக்கு ஒரு இலட்சம் கன அடி சும்மா விழுவதைப் பார்த்து வாயடைத்து நிற்பதில் பிழையில்லை. 'ஒரு பயிருக்கும் பாயாமல் போகுதே' என்பதுதான் பெரியப்பா கடைசியில் சொல்வது. மின்சாரத்தைப் பற்றி மருமகன் எடுத்துச் சொல்லியும் அவர் சமாதானமடைவதில்லை.

படகுக்குப் போகுமுன் கனடாப் பக்கத்தில் சிவப்பு மழைச்சட்டை தருவார்கள். அக்கரைப் படகில் இருப்பவர்களுக்கு நீலம். சேலைக்கு மேல் சிவப்பைப் போட்டுக்கொண்டு பெரியம்மாமார் வரிசையாக நிற்கும் படம் இல்லாத கனடாத் தமிழ் வீட்டு அல்பம் அரிது. கம்பியருகே போகவேண்டாம் என்று அவர்களுக்கு ஆளாளுக்குக் கட்டளை. அனி எட்சன் ரெய்லர் என்ற பள்ளி ஆசிரியை 1901 ஒக்ரோபர் 24 அன்று, தமது 63ஆவது பிறந்த நாளில், மரப் பீப்பாய்க்குள் இருந்து இதே அருவியில் விழுந்து உயிரோடு வெளியே வந்தார். நம் குடும்பங்களில் 63 வயதுப் பெண்ணை மின்படியில்கூடத் தனியாக விடுவதில்லை.

உறவினரைச் சுமந்து நயாகராவைக் காட்டும் தொழிலுக்கு முன்னோடி என ஒருவரைச் சுட்டவேண்டுமாயின், அது பிரெஞ்சுக்காரர் ப்ளொண்டின். 1859இல் ஆற்றுப் பள்ளத்தாக்கின் குறுக்கே கட்டிய கயிற்றில் நடந்தவர், அவ்வாண்டு ஓகஸ்டில் தமது மேலாளர் ஹரி கொல்கோர்டை முதுகில் சுமந்துகொண்டு நடந்தார். இன்னொரு முறை கயிற்றின் நடுவில் அடுப்பு வைத்து ஒம்லற் பொரித்தார். சுமை, உணவு, பார்க்க வந்த கூட்டம்: மூன்றும் அமைந்திருக்கின்றன. குறை ஒன்றே. கொல்கோர்ட் வழியெல்லாம் 'நீ ஏன் இன்னும் வீடு வாங்கேல்லை?' என்று கேட்டதாகப் பதிவு இல்லை.

ஊடல் மருதத்துக்கே உரியது என்பர். இங்கும் அது பிற்பகல் மூன்று மணியளவில், தேத்தண்ணி ஊற்றும்போது வரும். 'மகளின்ர கலியாணத்துக்கு எங்களுக்கு ஏன் சொல்லேல்லை?' 'காட் அனுப்பினனான்.' 'வரேல்லை.' 'பழைய விலாசத்துக்கு அனுப்பிப்போட்டன்போல.' வீட்டுக்குள் நடந்தால் இந்த உரையாடல் ஐந்து ஆண்டு நீடிக்கும். அருவியோரத்தில் அடுத்த வசனம் இரைச்சலில் கேட்பதில்லை. கேட்காததை இரு தரப்பும் தத்தமக்குச் சாதகமாக விளங்கிக்கொள்கின்றன. பறையின் பயன் இதுவே என்க.

இருட்டியதும் வண்ண விளக்குகள். 1925 முதல் அருவிக்கு முறையாக ஒளியூட்டுகிறார்கள். அதையும் பார்த்துவிட்டுத்தான் போவது என்று காலையில் அடம்பிடித்தவர்கள் அந்நேரம் நித்திரை. பத்து மணிக்கு உடன்படிக்கைப்படி நீர் குறையத் தொடங்கும். குடும்பமோ வானை எங்கே நிறுத்தினோம் என்று தேடிக்கொண்டிருக்கும்.

திருநாள் இத்துடன் முடிவதில்லை. ஞாயிறு காலை படங்கள் வட்ஸ்அப் குழுவில் ஏறும். பத்து மணிக்குள் பிரம்டனிலிருந்து ஒரு மச்சாள் அழைப்பார். 'எங்களை ஏன் கூப்பிடேல்லை?' நியாயமான கேள்வி, பரிகாரமும் ஒன்றுதான். அடுத்த சனிக்கிழமை வேறொரு வானில், வேறொருவர் சொதியோடு, அதே விருந்தினர் அதே வழியில் போவார். எண்வகை மெய்ப்பாட்டில் மருட்கையை இரண்டாம் முறையும் முகத்தில் வருவிப்பது எளிதல்ல. பெரியம்மா வாயில் கைவைத்து 'என்ர ஐயோ, இவ்வளவு தண்ணியோ!' என்கிறார், மச்சாளின் முகம் மலர்கிறது. படகடியில் மறுபடி ஒரு சிவப்பு மழைச்சட்டை நீட்டுகிறார்கள். முந்தியது மடித்து ஊருக்குப் போகும் பெட்டியில் இருக்கிறது. பேரன்கள் இரண்டு பேர் என்பதால் இதையும் வாங்கி வைத்துக்கொள்கிறார்.