ஓடாத வண்டியின் உயர்வு: தில்லியை முன்வைத்து ஓர் ஆய்வு

தில்லியில் ஒரு பெட்ரோல் கார் 15 வயது வரை வாகனம். 15 முதல் 50 வரை குற்றவாளி. 50 தாண்டினால் பாரம்பரியச் சொத்து. டீசல் கார் என்றால் குற்றப்பருவம் 10 வயதிலேயே தொடங்கிவிடும். முதல் எல்லையைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014, 2015 ஆண்டுகளில் வகுத்தது. உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 29 அன்று அதை உறுதிசெய்தது. இரண்டாவது எல்லையை மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 ஜூலையில் மோட்டார் வாகன விதிகளில் சேர்த்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால், நடுவிலுள்ள 35 ஆண்டுகளை அந்தப் பெட்ரோல் கார் எங்கே கழிக்கும் என்ற கேள்வி எழும். இந்திரப்பிரஸ்தத்தை இழந்த பாண்டவர்களுக்கே மொத்தம் 13 ஆண்டுதான். ஆனால் இக்கட்டுரைக்கு வேண்டியது அதைவிட அடிப்படையான கேள்வி: 50-ஆவது வயதில் அப்படி என்னதான் நடந்துவிடுகிறது? பழசாகப் பழசாக மதிப்பு கூடும் என்பார்கள். அது உண்மையானால் 49 வயதுக் காரை ஏறக்குறைய தெய்வமாகவே கும்பிட வேண்டும். நடப்பிலோ அதைக் காயலான் கடைக்கு அனுப்பச் சொல்கிறோம். ஆகவே வயது காரணமல்ல. ஒரு பொருள் எந்த வேலைக்காகச் செய்யப்பட்டதோ அந்த வேலையை எவ்வளவு முழுமையாக நிறுத்துகிறதோ, அவ்வளவுக்கு அதன் மதிப்பு ஏறுகிறது என்பதே நம் துணிபு. இதற்கு ‘ஓய்வுக் கோட்பாடு’ என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

முதல் சான்று சட்டத்திலேயே இருக்கிறது. 2021 விதியின்படி, 50 வயது கடந்து, பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாமல் பழைய வடிவிலேயே இருக்கும் இருசக்கர, நான்கு சக்கர வாகனங்கள் ‘விண்டேஜ்’ ஆகப் பதிவாகலாம். நம்பர் பிளேட்டில் மாநிலக் குறியீட்டுக்குப் பிறகு ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். புதுப்பதிவுக்கு 20,000 ரூபாய்; பத்தாண்டு செல்லும். இவ்வளவும் கொடுத்து வாங்கும் உரிமை என்னவென்று பார்த்தால், அன்றாடப் பயன்பாட்டுக்கும் வாடகைக்கும் அந்த வண்டியை ஓட்டக் கூடாது என்பதுதான். கண்காட்சிக்குப் போகலாம், பேரணிக்குப் போகலாம், பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும் போகலாம். கறிகாய் வாங்கவோ, பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிடவோ முடியாது. வாகனப் பதிவு என்பது உலகெங்கும் சாலையில் ஓட்டுவதற்கான அனுமதி. ஓட்டாமல் இருப்பதற்கென்று 20,000 ரூபாய் வாங்கிக்கொண்டு உரிமம் தருவது நம் நாட்டுச் சட்டச் சிந்தனையின் நுட்பம். 1964 முதல் தில்லியில் நடந்துவரும் ஸ்டேட்ஸ்மன் விண்டேஜ் கார் பேரணியும் இதற்குச் சாட்சி. அதில் கூட்டத்தின் கண்ணெல்லாம் விழும் வண்டிகளில் ஒன்று தேசிய ரயில் அருங்காட்சியகத்தின் ஜான் மோரிஸ் தீயணைப்பு வண்டி. 1914-இல் செய்யப்பட்டு நிஜாம் ரயில்வேயில் பணிபுரிந்தது. தீயை அணைத்துக்கொண்டிருந்த காலத்தில் யாரும் அதன் எதிரே நின்று படம் எடுத்திருக்க மாட்டார்கள். அவரவர் வீட்டைக் காப்பாற்றிக்கொள்ளவே நேரம் சரியாக இருந்திருக்கும். அணைப்பதை நிறுத்திய பிறகுதான் கைதட்டல்.

அடுத்தது ஏலக்கூடம். கோட்பாட்டை நாணயத்தால் அளக்க இதைவிடத் துல்லியமான கருவி கிடையாது. 2022 மே 5 அன்று ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில், மெர்சிடிஸ் நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில், அழைப்பு பெற்ற சிலர் மட்டும் கலந்துகொண்ட ஏலத்தில், 1955-ஆம் ஆண்டின் 300 எஸ்.எல்.ஆர். ஊலன்ஹாட் கூபே கார் 13 கோடியே 50 லட்சம் யூரோவுக்குப் போனது. அதற்கு முன் எந்தக் காரும் ஏலத்தில் அந்தத் தொகையை எட்டியதில்லை. பந்தயத்துக்காக இரண்டே இரண்டு செய்தார்கள். அந்த ஆண்டு லெ மான் பந்தயத்தில் பெரும் விபத்து நேர்ந்து, ஆண்டு முடிவில் மெர்சிடிஸ் பந்தயத்தைவிட்டே விலகியது. இரண்டில் எதுவும் ஒரு பந்தயத்தில்கூட ஓடவில்லை. வடிவமைத்த பொறியாளர் ஊலன்ஹாட் அதை அலுவலகத்துக்கு ஓட்டிப்போனாரே என்று கேட்கலாம். அது குமாஸ்தாவின் வேலை. பந்தயக் குதிரையின் வேலையல்ல. பிறந்த காரியத்தை ஒருநாளும் செய்யாத பொருளுக்கே உச்ச விலை என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் நிறுவ முடியாது. 2015 பிப்ரவரியில் பாரிஸில் நடந்த பையோன் தொகுப்பு ஏலம் மற்றொரு கோணத்தைக் காட்டுகிறது. பிரான்சின் ஒரு பண்ணையில் பல பத்தாண்டுகள் கிடந்து துருப்பிடித்த 59 வண்டிகள். அவற்றில் ஒரு ஃபெராரியின் மேல் பழைய பத்திரிகைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். கார், புத்தக அலமாரியாக வேலைபார்த்திருக்கிறது. அது 1 கோடியே 60 லட்சம் யூரோவுக்கும் மேல் போனது. தூசியைத் துடைக்காமலே விற்றார்கள், துடைத்திருந்தால் குறைந்திருக்கும். இதெல்லாம் மேல்நாட்டுப் பித்து என்று ஒதுக்குவோருக்கு உள்ளூர்ச் சான்றும் உண்டு. கோவையிலோ கரோல் பாகிலோ பழைய கார் புரோக்கரிடம் போனால் முதலில் சொல்வது, “டாக்டர் வெச்சிருந்த வண்டி சார், வீட்டுக்கும் கிளினிக்குக்கும் மட்டும்தான்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “ஓடவே இல்ல சார்.” கோட்பாட்டை இத்தனைச் சுருக்கமாக எந்தப் பேராசிரியரும் சொன்னதில்லை.

மாசு பற்றிய ஆட்சேபம் வலுவானது. வயதான வண்டி புகை கக்குகிறது, அதனால் தடை. இதில் கோட்பாடு எங்கே வருகிறது என்பார்கள். ஆனால் புகைதான் அளவுகோல் என்றால், 1930-இல் வந்த கார் 2009-இல் வந்த காரைவிடத் தூய்மையானது என்று யாராவது நிரூபித்தாக வேண்டும். முடியாது. பழங்காலக் கார் ஆண்டுக்கு நாலைந்து நாள் மட்டுமே வெளியே வருகிறது, மொத்தப் புகை குறைவு என்பதுதான் அதற்குச் சொல்லக்கூடிய ஒரே நியாயம். அதாவது சட்டமும் எண்ணுவது வயதை அல்ல, ஓட்டத்தை! எதிர்வாதம் நம் பக்கமே வந்து நின்றுவிட்டது. அப்படியானால் 17 வயதுக் காரை வாரத்துக்கொருமுறை ஆர்.கே.புரம் மலை மந்திருக்கு மட்டும் எடுத்துப்போகும் ஓய்வுபெற்ற அதிகாரி என்ன பிழை செய்தார் என்று கேட்டால் நம்மிடம் விடையில்லை; அரசிடமும் இல்லை என்பதை 2025 காட்டியது. ஜூலை 1 முதல் வயது கடந்த வண்டிக்கு எரிபொருள் கிடையாது என்று அறிவித்து, நம்பர் பிளேட்டைப் படிக்கும் கேமராக்களைப் பெட்ரோல் பங்குகளில் பொருத்தினார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளில் நிறுத்திவைத்தார்கள். வயதை மட்டும் காரணம் காட்டி நடவடிக்கை கூடாது என்று உச்ச நீதிமன்றம் ஆகஸ்ட் 12 அன்று சொன்னது. டிசம்பரில் அந்தப் பாதுகாப்பை பி.எஸ்.-4 புகைத் தரமும் அதற்கு மேலும் உள்ள வண்டிகளோடு நிறுத்திக்கொண்டது. குற்றவாளிகளில் ஒரு பகுதியினர் இப்போது ஜாமீனில் இருக்கிறார்கள் எனலாம்.

அம்பாசடரைப் பற்றி ஒரு வார்த்தை. வங்கத்தின் உத்தர்பாரா ஆலையில் 1958 வாக்கில் தொடங்கி 2014 மே வரை வந்துகொண்டிருந்த அந்த வண்டி, விளக்கையும் கிரில்லையும் அவ்வப்போது மாற்றிக்கொண்டதே தவிர, அதே குண்டு உடம்புடன்தான் இருந்தது. 1974-இல் வந்தது 2024-லேயே பாரம்பரியத் தகுதி பெற்றுவிட்டது. 1994-இல் வந்தது 2044 வரை காத்திருக்க வேண்டும். இரண்டையும் அருகருகே நிறுத்தினால் எது அருஞ்சொத்து, எது அழிக்க வேண்டியது என்று பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது.

இனி, கார்களைப் போலவே பழசாகி மதிப்பேறிய விடுதிகள். கோட்பாட்டுக்கு வரக்கூடிய உண்மையான ஆபத்து இங்கேதான். பழம்பெரும் விடுதிகள் இன்றும் ஆளைத் தூங்கவைக்கின்றன. வேலையை நிறுத்தாமலே மதிப்பு ஏறியிருக்கிறதே? இத்தாலியில் கோமோ ஏரிக்கரையிலுள்ள வில்லா தெஸ்தேயை எடுத்துக்கொள்வோம். இன்று பழைய கார்களுக்கு நடக்கும் அழகுப்போட்டி 1929-இல் அங்கேதான் தொடங்கியது. அதே செர்னோபியோ ஊரின் வில்லா எர்பாவில் கார் ஏலமும் நடந்திருக்கிறது. கார் ஏலத்துக்குப் போகிறவர் பழைய விடுதியில் தங்குவது தற்செயலல்ல, இரண்டும் ஒரே நோயின் இரு அறிகுறிகள். வில்லா தெஸ்தே 1568-இல் ஒரு கார்டினலின் மாளிகையாகப் பிறந்தது, 1873-இல்தான் விடுதியானது. கார்டினல் குடியிருக்கும் வேலை நின்ற பிறகே அறை வாடகை. தில்லியில் சிவில் லைன்ஸின் மெய்டன்ஸ் விடுதி 1903-இல் எழுந்தது. புதுத் தில்லியைத் திட்டமிட வந்த லட்யன்ஸ் அங்கே தங்கினார். ஊரின் மையத்தைத் தெற்கே தள்ளி, வாடிக்கையாளரையும் அங்கே ஓட்டிப்போகப்போகிற நகரத்தை அந்த விடுதியின் படுக்கையிலேயே படுத்து யோசித்திருக்கிறார். அந்தப் புது நகரில் 1936-இல் இம்பீரியல் திறந்தது. இவ்வகை விடுதிகள் ஒரு காலத்தில் செய்த வேலை, ஊரில் வேறு நல்ல படுக்கை இல்லாத பயணிக்கு இடம் தருவது. அந்த வேலை எப்போதோ முடிந்துவிட்டது. இன்று வருபவர் காசு கொடுப்பது தூக்கத்துக்கல்ல. தூக்கம் ஏரோசிட்டியில் இதைவிட நிசப்தமாகக் கிடைக்கும். பித்தளைக் குமிழ் வைத்த கதவு, ஏணி போட்டால்தான் எட்டும் விசிறி, நாலு பேர் ஓடிப்பிடித்து விளையாடலாம் போன்ற குளியலறை, இவற்றுக்குத்தான் காசு. சந்தேகமுள்ளவர்கள் குழாய்ச் சத்தத்தைச் சோதனைக்கு எடுத்துக்கொள்ளலாம். பஹாட்கஞ்ச் லாட்ஜில் இரவில் குழாய் முனகினால் வாடகையைக் குறைக்கச் சொல்வோம். நூற்றாண்டு கண்ட விடுதியில் முனகினால் ஊருக்குப் போய்ச் சொல்வோம்.

மிஞ்சியிருக்கும் ஆட்சேபம், ஏலத்தில் விலைபோவது பொருள் அல்ல, அதன் பழைய சொந்தக்காரர் என்பது. 2015 டிசம்பரில் நிழலுலக தாதா தாவூத் இப்ராகிமின் ஹூண்டாய் ஆக்சென்ட் மும்பையில் ஏலத்துக்கு வந்தது. இந்துத்துவ அமைப்பொன்றின் தலைவர் சுவாமி சக்ரபாணி 32,000 ரூபாய்க்கு எடுத்து, அதே மாதம் தில்லிக்குப் பக்கத்திலுள்ள காசியாபாதில் பலர் பார்க்கக் கொளுத்தினார். சொந்தக்காரருக்காகவே வாங்கினார் என்பது மெய்தான். வாங்கியதும் முதல் காரியமாக அதை இனி ஓடவே முடியாதபடி செய்தார் என்பதும் மெய். 35 ஆண்டு வேலையை ஒரே பிற்பகலில் முடித்துவிட்டார், சாம்பலுக்கு வி.ஏ. எண் கிடைக்காது என்பது மட்டுமே குறை.

கோட்பாட்டின் எல்லையைச் சோதிக்க நாட்டின் முதல் மாருதி 800 காத்திருக்கிறது. 1983 டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தி கையால் சாவி வாங்கிய தில்லிக்காரர் ஹர்பால் சிங் அதை 2010-இல் தான் இறக்கும்வரை வைத்திருந்தார். அதன் எண் டி.ஐ.ஏ. 6479. அன்றாடம் ஓடியவரை அது வெறும் கார். பிறகு கவனிப்பாரின்றிக் கிடந்து துருப்பிடித்தது. கடைசியில் நிறுவனமே புதுப்பித்துத் தன் தலைமையகத்தில் நிறுத்தியிருக்கிறது, அசையாமல். 2033 டிசம்பர் 14 அன்று அதற்கு 50 முடிகிறது. துருவைச் சுரண்டிப் புதுப்பித்த உடல், பெரிய மாற்றம் இல்லாத பழைய வடிவம் என்ற நிபந்தனைக்குள் அடங்குமா என்பதை மனு வரும் நாளில் ஆர்.டி.ஓ. அலுவலகம் முடிவு செய்யும்.