விசில் ஊதாத கோச்

கேள்வி: சின்னக் கல்லூரியில் கோச்சாக இருப்பவர் பெரிய இடத்துக்குத் தாவினால்தானே பெயரெடுக்க முடியும்?

பதில்: ஜான் கலார்டி தாவவே இல்லையே! பள்ளி அணியின் கோச் உலகப் போருக்குப் போய்விட, 16 வயது மாணவனாக அந்த வேலையை ஏற்றவர். 1953-இல் மினசோட்டாவின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரிக்கு வந்தார். 2012 வரை அசையவில்லை. மொத்தம் 489 வெற்றிகள். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் இதைத் தாண்டியவர் எவருமில்லை.

ஆளைப் பிடித்துக் கீழே தள்ளுவதே பிழைப்பான ஆட்டம் அது. இவரோ பயிற்சியில் அதைத் தடை செய்தார். சனிக்கிழமை ஆட வேண்டியவனை செவ்வாய்க்கிழமையே கட்டுப்போட வைப்பானேன்? விசில் கிடையாது. ‘கோச்’ என்று கூப்பிடவும் கூடாது, ‘ஜான்’ போதும். பையன்கள் புல்லில் மல்லாந்து படுத்து, பக்கத்திலிருப்பவனிடம் ‘இன்றைக்கு நல்ல நாள், இல்லையா?’ என்பதும் அங்கே ஒரு பயிற்சி!

செயின்ட் ஜான்ஸ் ஆடும் பிரிவைச் சேர்ந்த கல்லூரிகளில் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது. ஆசைப்பட்டு வருகிறவன்தான் ஆடுவான். அவனை வாட்டி எடுத்தால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான். இது கலார்டிக்குத் தெரிந்திருந்தது. வந்தவர்களில் எவரையும் வேண்டாமென்று அவர் கழித்ததில்லை. எனக்கு அந்த 489-ஐவிட இதுதான் பெரிதாகப் படுகிறது.

2003-இல், 77 வயதில், தொடர்ந்து 55 ஆட்டங்களில் ஜெயித்திருந்த மவுன்ட் யூனியன் அணியை 24-6 என வீழ்த்தி தேசியப் பட்டம் வாங்கினார். அது அவருடைய நான்காவது.