மூன்று நாளில் இமயம்

கேள்வி: மூன்று நாள் லீவில் சிம்லா, மணாலி, தர்மசாலா மூன்றையும் பார்த்துவிட முடியுமா?

பதில்: தாராளமாக, கார் ஜன்னல் வழியாக! சிம்லாவிலிருந்து மணாலி சுமார் 250 கிலோமீட்டர். ஒரு பகல் முழுக்க வளைவும் வாந்தியும்தான். பேசாமல் சிம்லாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 1903-இல் ஓடத் தொடங்கிய குட்டி ரயிலை கால்காவில் பிடியுங்கள். 96 கிலோமீட்டருக்கு நூற்றுச் சொச்சம் சுரங்கங்கள். ஐந்து மணி நேரமாவது ஆகும். டாக்சி சீக்கிரம் போகும்தான், அவசரக்காரருக்கு மலை எதற்கு? மால் ரோட்டில் நடராஜா சர்வீஸ்தான். முழங்கால் ஒத்துழைக்காதவர்களுக்கு, கீழே கார்ட் ரோட்டிலிருந்து லிஃப்ட் உண்டு. ஜாக்கூ மலையில் 108 அடி அனுமார். அங்கே மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிடுங்கள். அவருடைய பரிவாரம் லபக்கென்று பிடுங்கிக்கொண்டு, தின்பண்டம் நீட்டினால்தான் விடும். அப்புறம் சாமி எப்படித் தெரியும் என்கிறீர்களா? அந்த உயரத்துக்குக் கண்ணாடியே வேண்டாம்!