தானியங்கிக்கு ஒரு துணையாள்

பாரிவாக்கத்திலிருந்து ஆவடிக்குப் பேருந்து ஏறுபவர் நடத்துநரிடம் "ஆவடி ஒண்ணு" என்றால் போதும். ஆவடி நிலையத்தில் மின்சார ரயிலுக்கு அவர் அணுகும் தானியங்கிச் சீட்டு எந்திரமோ மொழி, ஊர், எத்தனை பேர், போக மட்டுமா திரும்பவுமா, கார்டா கியூஆரா என்று சம்பந்தம் பேச வந்தவர்போல் விசாரிக்கும். இதற்கு ரயில்வே கண்ட தீர்வு அலாதியானது: ஓய்வுபெற்ற ஊழியர்களைக் கமிஷனுக்கு எந்திரத்தின் பக்கத்தில் நிறுத்தியது. ஆளில்லாமல் இயங்கவென்று வாங்கிய எந்திரத்தை இயக்க ஓர் ஆள்!

மக்கள் இன்னும் பழகவில்லை என்பார்கள். டீக்குக் கைப்பேசியில் பணம் அனுப்புகிறவருக்கா தொடுதிரை பயம்? எப்போதாவது பயணிப்பவர், பின்னால் வரிசை முணுமுணுக்க, வண்டி நடைமேடையில் நுழைய, பாடம் படிக்க முடியாது. துணையாளின் விரல் பறப்பதும் திரை எளிது என்பதற்குச் சான்றல்ல. அவர் நாளெல்லாம் அதையே தட்டுகிறார். கவுன்ட்டர் வரிசை குறைகிறதே என்றால், குறையத்தான் செய்யும். இன்னொரு கவுன்ட்டர் திறந்தாலும் குறையும்; அந்த மனிதருக்கு நாற்காலியாவது கிடைக்கும்.

முதல் திரையிலேயே "சென்ட்ரல், ஒருவர்" என்று ஒரு பெரிய பொத்தான் வைக்கலாம். துணையாளின் கமிஷன் போய்விடுமே என்பதுதான் இதற்கு எனக்குத் தோன்றும் ஒரே நியாயமான ஆட்சேபம்.