குறுக்கே ஓடியவர்

1987 செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமை. டான்டினோங் பக்கம் நான் வேலை செய்த தொழிற்சாலையில் காலைத் தேநீர் நேரம். பக்கத்து மெஷின்காரர் தேநீரைத் தொடவில்லை. “அந்த அயர்லாந்துக்காரன்” என்று தொடங்கியவர், பிறகு சொன்னதை இங்கே எழுத முடியாது. நான் மெல்பேர்னுக்கு வந்து 7 மாதம். ஆஸ்திரேலிய ஃபுட்போலில் நீள்வட்டப் பந்தை இவர்கள் ஏன் உதைக்கிறார்கள், ஏன் கையால் குத்துகிறார்கள் என்று விளங்காத காலம். அவர்தான் ஒரு தாளில் மைதானத்தைக் கீறி, நடந்ததைச் சொல்லித் தந்தார்.

மெல்பேர்ன் அணி 1964க்குப் பிறகு இறுதிச் சுற்றுகளை எட்டியதே அந்த வருடம்தான். சனிக்கிழமை வேவர்லி பார்க்கில் ஹாதோர்னை வென்றால் அடுத்த வாரம் கிண்ணத்துக்கான ஆட்டம். சைரன் ஒலிக்க ஒருசில விநாடிகள் இருக்கும்போது மெல்பேர்ன் 4 புள்ளி முன்னால் நிற்கிறது. ஹாதோர்னின் கேரி பக்கனாராவுக்கு ஃப்ரீ கிக். கோல் கம்பங்களோ 50 மீற்றருக்கும் அப்பால். ஒருவர் அப்படி உதைக்க நிற்கும்போது, அவருக்கும் அவர் முன்னால் நிற்கிற எதிரணிக்காரருக்கும் நடுவே யாரும் ஓடக்கூடாது. 21 வயது ஜிம் ஸ்டைன்ஸ் ஓடிவிட்டார். நடுவர் பக்கனாராவை 15 மீற்றர் முன்னே வரச் சொன்னார். சைரனுக்குப் பிறகு உதைத்த பந்து கம்பங்களுக்கு நடுவால் போனது. ஒரு கோலுக்கு 6 புள்ளி. மெல்பேர்ன் 2 புள்ளியால் தோற்றது.

தொழிற்சாலையே அவரைத் திட்டியது. எனக்கு வாய் வரவில்லை. முதல் மாதத்தில் ஒரு வால்வைத் தவறாகத் திறந்து அரை நாள் உற்பத்தியைப் பாழாக்கியவன் நான். வேலை போய்விடும் என்று விடியவிடியக் கண்மூடாமல் கிடந்த இரவு நினைவில் இருந்தது. தாளில் கீறிய அந்த ஒற்றைக் கோட்டைப் பார்க்கப் பார்க்க வயிற்றைப் பிசைந்தது.

ஸ்டைன்ஸும் வந்தேறியவர்தான். டப்ளினில் உருண்டைப் பந்தில் கேலிக் ஃபுட்போல் ஆடி வளர்ந்தவர். மெல்பேர்ன் கழகம் அயர்லாந்துப் பத்திரிகையில் கொடுத்த விளம்பரத்தைப் பார்த்து, 1984இல், 18 வயதில் கடல் கடந்தார். ரோன் பராசி அப்போது பயிற்சியாளர். பந்தின் வடிவத்திலிருந்து எல்லாவற்றையும் புதிதாகப் படிக்க வேண்டியிருந்தது. கழகத்தின் முதல் அணியில் ஆடத் தொடங்கியதே 1987 பருவத்தில். அதன் கடைசியில்தான் அந்த ஓட்டம்.

அடுத்த வருடம் அவர் திரும்பி வந்து ஆடினார். அதற்குப் பிறகு நிற்கவே இல்லை. 1987 முதல் 1998 வரை, ஓர் ஆட்டம்கூடத் தவறாமல், தொடர்ந்து 244 ஆட்டங்கள். இந்த விளையாட்டில் உடம்புகள் மோதிக்கொள்கிற வேகத்தை நேரில் பார்த்தவர்களுக்கு இந்த எண்ணின் பாரம் தெரியும். 1993இல் விலாவில் அடிபட்டு, வாரக்கணக்கில் ஆட முடியாது என்ற பிறகும் அடுத்த ஆட்டத்தில் இறங்கினார். கடைசியில் கை முறிந்துதான் அந்த வரிசை அறுந்தது. அந்தச் சாதனையை 2025 வரை யாரும் முறியடிக்கவில்லை. 1991இல் பிரவுன்லோ பதக்கம். பருவத்தின் சிறந்த ஆட்டக்காரருக்கு நடுவர்களே வாக்களித்துக் கொடுக்கிற பதக்கம் அது. ஆனாலும் எனக்கு 244தான் பெரிது. பதக்கம் ஒரு வருடத்துக் கணக்கு.

1994இல் நண்பர் ஒருவரோடு ரீச் என்ற அமைப்பைத் தொடங்கினார். மனம் நொந்த பதின்வயதுப் பிள்ளைகளை வட்டமாக இருத்திப் பேசவைப்பது அதன் வேலை. 2008இல், ஏறத்தாழ 50 லட்சம் டொலர் கடனில் மூழ்கிக்கிடந்த பழைய கழகத்துக்குத் தலைவரானார். அடுத்த வருடம் புற்றுநோய். மூளையில் அறுவைச் சிகிச்சைகளுக்கு நடுவிலும் பொறுப்பை விடவில்லை. 2010இல் கடன் தீர்ந்தது. 2012 மார்ச் 20 அன்று காலமானார். வயது 45. சென்ட் போல்ஸ் தேவாலயத்தில் அரச மரியாதையோடு இறுதி வழிபாடு நடந்தபோது, எதிரே ஃபெடரேஷன் சதுக்கத்தில் பெரிய திரைக்கு முன் ஆயிரக்கணக்கானோர் நின்றார்கள். பக்கத்து மெஷின்காரரும் நானும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றோம். அவர் கழுத்தில் சிவப்பு நீலச் சால்வை. “எங்கள் ஜிம்” என்றார். 1987இல் சொன்ன வார்த்தைகளை நான் ஞாபகப்படுத்தவில்லை.

2021இல், 57 வருடம் கழித்து, மெல்பேர்ன் கிண்ணத்தை வென்றது. கொரோனாவால் ஆட்டம் பேர்த்தில். நாங்கள் ஊரடங்கில், அவரவர் வீட்டில். தொலைபேசியில் அவர் அழுததை மட்டும் கேட்டேன்.

யாரா ஆற்றங்கரையில், சார்ல்ஸ் கிரைம்ஸ் பாலத்துக்கு அடியால் ஒரு நடைபாலம் போகிறது. நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் வாகனங்களுக்குக் குறுக்கே ஓடாமல் போவதற்கு. அதற்கு ஜிம் ஸ்டைன்ஸ் பெயர்.

கட்டுப்பாடுகள் நீங்கியபின் மெஷின்காரரை வேவர்லிக்குக் கூட்டிப்போனேன். சுற்றிலும் இப்போது வீடுகள். பழைய பெரிய மேடை ஒன்றும் நீள்வட்டப் புல்வெளியும் மிஞ்சியிருக்கின்றன. வேலியில் கைத்தடியைச் சாய்த்துவிட்டு, அவர் ஓர் இடத்தைச் சுட்டிக்காட்டினார். பிறகு கையைக் கொஞ்சம் இடப்புறம் நகர்த்தினார்.

“இல்லை, அங்கே” என்றார். “நாலே எட்டு இருக்கும்.”